மழைச் சவாரித் திணை: ஒரு பொருளிலக்கண ஆய்வு

முன்னுரை

தொல்காப்பியர் நிலத்தை நான்காகவும் ஒழுக்கத்தை ஐந்தாகவும் பகுத்தார். தேசிய நெடுஞ்சாலை 48 அவர் காலத்தில் போடப்படவில்லை. ஆதலால் ரெயின்கோட் அணிந்து கூட்டமாகப் பைக்கில் செல்வோரின் ஒழுக்கம் எந்தத் திணையில் அடங்கும் என்பது இதுவரை ஆராயப்படாமலே கிடக்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை

சென்னையிலிருந்து சுமார் 230 கி.மீ. தொலைவிலுள்ள ஏலகிரிக்கு ஞாயிறு விடியற்காலையில் கிளம்பி, இரவுக்குள் வீடு சேரும் பைக் கிளப்புகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. தனியே செல்வோரும் காரில் செல்வோரும் விலக்கப்பட்டனர். வானிலை அறிக்கையைப் படித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோர் அறிவுடையோர் என்பதால் அவர்களும் விலக்கப்பட்டனர்.

கருதுகோள்

மழை வந்தால் ரைடு கெட்டுப்போகும் என்பது உலக வழக்கு. மழை வந்தால்தான் கிளப் என்ற ஒன்று உண்டாகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முதற்பொருள்

பெரும்பொழுது: கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை சென்னையை நனைக்கும் காலம். 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை என்பது வானிலைத் துறையின் பகுப்பு. கிளப்பின் பகுப்பு இதனினும் செறிவானது. “தூறல்தான் ப்ரோ”, “இப்ப விட்டுடும் ப்ரோ” என இரண்டே வகை. இரண்டுக்கும் மேல்வரம்பு கிடையாது.

சிறுபொழுது: வைகறை. “ஷார்ப்பா அஞ்சு மணி” என்று குறிக்கப்படும் பொழுது, களத்தில் ஆறேகாலாக விளங்குகிறது.

கருப்பொருள்

தெய்வம்: மருதத்துக்குரிய வேந்தனும் நெய்தலுக்குரிய வருணனும். முன்னவர் மேலிருந்து பொழிவார். பின்னவர் முன்னே போகும் லாரியின் சக்கரத்திலிருந்து பீய்ச்சுவார். உணவு: டீ, வடை, திரும்பும் வழியில் ஆம்பூர் பிரியாணி. மரம்: ஒதுங்கப் புளி. விலங்கு: டீக்கடை நாய். பறை: புல்லட்டின் ‘டப்டப்’. தொழில்: வைசரைத் துடைத்தல். சூடான மூச்சுக்காற்று குளிர்ந்த வைசரின் உட்புறம் பட்டு நீராகப் படிவதால், வெளியே துடைத்து எந்தப் பயனும் இல்லை. ஆயினும் துடைப்பர். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உட்புறம் தடவித் துடைத்துவிட்டால் மங்காது என்பதை மூத்தோர் அறிவர். வீட்டிலிருந்து கிளம்பிய பிறகே அறிவிப்பர்.

உரிப்பொருள்

மற்றத் திணைகளுக்கு உரிப்பொருள் ஒன்றே. மழைச் சவாரிக்கு ஐந்தும் உரியன. ஒரே பகலில் முறையே நிகழ்வன.

இருத்தல்: பெட்ரோல் பங்க்கில் நிகழ்வது. தலைவி தலைவனுக்குக் காத்திருந்தாற்போல் பத்துப் பேர் ஒருவனுக்காகக் காத்திருப்பர். அவன் போனில் சொல்வது, “பக்கத்துல வந்துட்டேன்.” பின்னணியில் குக்கர் விசில் கேட்கும்.

பிரிதல்: நெடுஞ்சாலையில் நிகழ்வது. காய்ந்த சாலையில் முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு வினாடி இடைவெளி வேண்டும். ஈரச் சாலையில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். புதிதாக மழை பிடிக்கும்போதுதான் வழுக்கல் அதிகம். தூசியும் வண்டிகள் சிந்திய எண்ணெயும் நீரோடு கலந்து சாலைமேல் மிதக்கும் நேரம் அது. அடுத்து, பெயின்ட் அடித்த வெள்ளைக் கோடுகளை நம்பக் கூடாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. ஓட்டுபவனின் அவசரத்துக்கு அப்படி எதுவும் பொருத்தப்படவில்லை. டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. இடப்பக்கச் சந்தில் புகுந்து வெளிவரும்போது கூட்டம் மூன்றாகியிருக்கும்.

இரங்கல்: ஷூவுக்குள் நிகழ்வது. ரெயின்கோட்டில் வழியும் நீர் பேன்ட் வழியாக இறங்கி அங்கேதான் தங்கும். வாட்டர்ப்ரூஃப் ஷூவின் சிறப்பு, உள்ளே போன நீரை வெளியே விடாமை. சாக்ஸுக்கு மேல் பாலிதீன் கவர் மாட்டியவர் இத்துறையில் முனைவர்.

ஊடல்: மேம்பாலத்தடியில் நிகழ்வது. “பின்னாடி உக்காந்தா நனையாது” என்று சொல்லி அழைத்துவரப்பட்ட மனைவி, இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமையே இதன் துறை. திரும்பிவிடலாமா என்ற எண்ணம் இவ்விடத்தில் எல்லார் நெஞ்சிலும் எழும். எவர் வாயிலும் வராது. முதலில் சொன்னவர் என்ற பெயர் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதே காரணம்.

புணர்தல்: மலையடிவாரத்து டீக்கடையில் நிகழ்வது. பிரிந்தோர் கூடுவர்.

களச் சான்று

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், கம்பர், கபிலர், ஔவையார், பாரதியார் முதலிய புலவர் எழுவர் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டுள்ளன. நம் கருதுகோளை நிறுவ இதனினும் சிறந்த களம் கிடையாது.

வெயில் நாளில் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வளைவை நாற்பதில் கடந்து செல்லும் உறுப்பினர், அடுத்தவருக்குத் தம் ஸ்பேனரைக்கூடத் தர மாட்டார். வேகமானவர் முன்னே பறந்துவிடுவார். மெதுவானவர் தனியே உருட்டிக்கொண்டு வருவார். மலைமேல் போட்டோ எடுக்கும்போது மட்டும் கூடி நிற்பர். அதன் பெயர் கிளப் அல்ல, ஒரே திசையில் நடந்த பல தனிப் பயணம்.

மழை நாளில் இந்நிலை தலைகீழாகிறது. லீட் ரைடர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார். கடைசியில் வரும் ஸ்வீப் ரைடர், புதியவரின் வண்டியைத் தாண்டாமல் பொறுமை காக்கிறார். இருவரிசை ஒருவரிசையாகிறது. கூட்டத்தில் மிக மெதுவானவரின் வேகமே எல்லாருடைய வேகமும் ஆகிறது. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனின் பெயர் தாங்கிய வளைவருகே ஒருவர் நடுங்கி நிற்க, பெயர்கூடச் சரியாகத் தெரியாத இன்னொருவர் பையைத் திறந்து தம் உலர்ந்த டீ-ஷர்ட்டை நீட்டுகிறார். எட்டாம் வள்ளலுக்கு வளைவு மிச்சமில்லை என்பது மட்டுமே குறை.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. காய்ந்த சாலை பைக்குகளைச் சேர்க்கிறது. ஈரச் சாலை ஆட்களைச் சேர்க்கிறது. ஆகவே மழைச் சவாரி பொருளிலக்கணத்தில் தனித் திணையாகச் சேர்க்கத் தக்கது.

மேலாய்வுக் களங்கள்

ஒன்று: டீக்கடைப் பெஞ்சில் பிழியப்பட்ட கையுறை காய எடுக்கும் காலம். இரண்டு: எல்லாரும் ரெயின்கோட்டை மாட்டி முடித்ததும் மழை நிற்பதன் காரணம்.

பரிந்துரை

ரைடுக்கு முந்தைய இரவு டயரின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்து வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பானாலும், செயினைத் துடைத்து எண்ணெய் போட்ட பிறகே படுங்கள். மழை பழைய எண்ணெயை ஏற்கெனவே கழுவிக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஞாயிறு யாராவது “திரும்பிடலாமா?” என்று முதலில் கேட்டால், அவரைக் கேலி செய்யாதீர்கள். எல்லார் சார்பிலும் பேசியவர் அவர்.