ஓட்டு வீடும் பத்துக்குப் பத்து அறையும்

மருங்காபுரியில் எங்கள் வீடு அப்போது நாட்டு ஓடு வேய்ந்தது. மண் சுவர், சாணம் மெழுகிய தரை, ஒரு மூலையில் நெல் மூட்டைகள், குறுக்கே கட்டிய கொடி நிறையத் துணி. 1991-இல் திருவிழாக் கச்சேரிக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்தேன். என்னிடம் இருந்தவை பழைய காசியோ ஒன்றும் டேப் ரெக்கார்டர் இரண்டும்தான். குழு நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். இசைப்பதிவு என்றால் கோடம்பாக்கம், கண்ணாடித் தடுப்பு, ஏ.சி. அறை என்றுதான் மனதில் பதிந்திருந்தது.

மறு வருஷம் ‘ரோஜா’ வந்தது. பாட்டுகள் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட எங்களைத் தூங்கவிடாமல் அடித்தது இன்னொரு செய்தி. ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே பஞ்சதன் என்று ஒரு ஸ்டூடியோ கட்டி, அங்கேதான் அந்த இசையை உருவாக்கினார் என்பது. வீட்டிலேயே முடியுமாமே என்று குழுவில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அன்று ராத்திரியே நான் வேலையை ஆரம்பித்தேன்.

செய்முறை இதுதான். முதல் ரெக்கார்டரில் தாளத்தை மட்டும் பதிவேன். அதைச் சத்தமாக ஓடவிட்டு, கூடவே காசியோவில் பேஸ் வாசிக்க, இரண்டாவது ரெக்கார்டர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு கேசட்டை மாற்றிப் போட்டு அதன்மேல் அடுத்த வாத்தியம். ஒவ்வொரு சுற்றிலும் ‘உஸ்’ என்ற இரைச்சல் ஏறும், முன்பு பதிந்தது மங்கும். நாலாவது சுற்றில் பாட்டு கிணற்றுக்குள் போய்விடும். அதனால் மங்கினாலும் தாங்குகிற தாளத்தையும் பேஸையும் முதலில் வைத்து, துலக்கமாகக் கேட்க வேண்டிய மெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். மூன்றே சுற்று. எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

ஊரில் கரண்ட் போனால் பேட்டரிக் கட்டைதான் கதி. அந்தக் கட்டை வலுவிழந்தால் டேப் மெதுவாக ஓடி, பாட்டின் கட்டையும் கூடவே இறங்கும். நேற்றுப் பதிந்ததோடு இன்று காசியோ சேராது. அதற்கேற்றபடி காசியோவின் சுருதியைத் திருகித் திருகிச் சேர்த்ததில்தான் என் காது பழகியது. ரெக்கார்டரில் பதிவு அளவு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறவரை வைப்பதும் அப்போது நல்ல பழக்கம். சத்தம் மேலே இருந்தால் இரைச்சல் கீழே அமுங்கும். கொஞ்சம் மீறினாலும் டேப் அதை மெத்தென்று தாங்கிக்கொள்ளும்.

இப்போது அதே மனையில் கான்கிரீட் வீடு. மாடியில் பத்துக்குப் பத்து அறை, டைல்ஸ் தரை, வழவழப்பான சுவர். திருச்சியில் படிக்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்தால் லேப்டாப்பும் சின்ன ஆடியோ இன்டர்பேஸும் இரண்டு ஸ்பீக்கருமாக அங்கேதான் உட்காருவாள். ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்ற இலவச மென்பொருளிலேயே தொடங்கியவள். தொடங்க அது போதும்.

“மாமா, இந்த பேஸு உக்காந்து கேட்டா இல்ல, எந்திரிச்சு சுவத்துப் பக்கம் போனா தொம்முனு இருக்கு. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?”

அறைக்கு நடுவில் நின்று கை தட்டச் சொன்னேன். தட்டிய ஓசைக்குப் பின்னால் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டது. எதிரெதிர்ச் சுவர்கள் ஓசையைப் பந்து மாதிரி எறிந்து விளையாடுகின்றன. பேஸ் விஷயம் இன்னும் ஆழமானது. பத்தடி அறையில் நொடிக்குச் சுமார் 56 அதிர்வு உள்ள ஒலி இரு சுவருக்கும் இடையில் சரியாகப் பொருந்தி நிற்கும். சுவரோரம் அது பெருகும், நட்டநடுவில் காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே இடத்தில் அடி. டிரம்மின் கிக்கும் பேஸும் குடியிருக்கும் இடம் அது. நடுவில் உட்கார்ந்திருந்தவள் கேட்காத பேஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தினோம். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்தோம். பக்கச் சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தையும் பழைய ஜமுக்காளமும் ஏறின. அந்த ‘ட்ரிங்’ அடங்கியது. மெத்தை மேல் ஓசையைத்தான் குடிக்கும், பேஸைத் தொடாது. அதற்குக் கனமான, தடித்த பொருள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூலைகளில் மூட்டைகளை அடுக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. மண் சுவர், சாணத் தரை, நெல் மூட்டை, துணிக்கொடி. நான் கூச்சப்பட்ட அந்த ஓட்டு வீடு, பதிவுக்கு எவ்வளவு நல்ல அறை! அதை இடித்து வழவழப்பான வீடு கட்டி, இப்போது அந்தச் சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறோம்.

முள்ளைச் சிவப்புக்கு விரட்டும் என் பழக்கத்தை மட்டும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபெல் என்பது கல் சுவர், மோதினால் ஓசை கிழிந்துவிடும். 24 பிட்டில் பதியும்போது உச்ச ஓசை மைனஸ் 10-இல் நின்றாலும் எதுவும் குறையாது. அன்று என்னைக் காப்பாற்றிய பழக்கம் இன்று பாட்டைக் கெடுக்கும். கரண்டின் முனகல் மட்டும் மாறவில்லை. நொடிக்கு 50 அதிர்வு, கீழ் ஸ்தாயி ஜி சுரத்துக்குச் சற்று மேலே. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிந்தால் பெரும்பாலும் போய்விடும்.

என் காசியோவில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். இன்று மிடியில் ஒவ்வொரு சுரத்துக்கும் 127 படி அழுத்தம் கொடுக்கலாம். அவளோ மவுஸால் குத்திக் குத்தி எல்லாவற்றையும் 100-இல் வைத்திருந்தாள். தாளமும் மென்பொருள் காட்டும் கட்டத்துக்குள் நூல் பிடித்த மாதிரி. “கையால வாசிம்மா, பிசகினா பிசகட்டும்” என்றேன். வாசித்தாள். மூன்றாம் தடவையில் அந்தத் தாளத்துக்கு நடை வந்தது.

அந்தப் பாட்டுக்கு வேண்டிய உருமி மேளத்தைப் பதிய அறையே வேண்டாம் என்று விடியற்காலையில் களத்துமேட்டுக்குப் போனோம். காற்று எழும்புவதற்கு முன். தோலில் வளைகுச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், எந்த ஓசைத் தொகுப்பிலும் எனக்குத் திருப்தியாகக் கிடைத்ததில்லை. முதலில் போனில் பிடித்தாள். போன் தானாகவே அளவைக் கூட்டிக் குறைத்து, முதல் அடியை நசுக்கிவிட்டது. பிறகு மைக்கை ஆறடி தள்ளி வைத்து, துணி சுற்றி, இன்டர்பேஸ் வழியாகப் பதிந்தோம். கலவை முடிந்ததும் ஸ்பீக்கரில், ஹெட்போனில், கடைசியாக டீக்கடை வாசலில் போன் ஸ்பீக்கரில் கேட்டோம். அங்கே பேஸ் சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்து, பேஸுக்கு மேல் ஸ்தாயியிலும் ஒரு மெல்லிய இழை சேர்த்தாள்.

போன பொங்கலுக்கு என் பழைய கேசட்டுகளைக் கேட்டாள். டேப் இரைச்சலைச் செயற்கையாகப் பாட்டில் சேர்க்கிற மென்பொருள்களை இப்போது விலைக்கு விற்கிறார்களாம். நான் எந்த இரைச்சலோடு மல்லுக்கட்டினேனோ அதைத்தான்.

ஒரு கேசட்டில் தாளம் தொடங்கும் முன் சில நொடிகள் வெறுமை. வெறுமை என்றுதான் நினைத்திருந்தேன். ஹெட்போனை என் காதில் மாட்டினாள். இரைச்சலுக்குள், தூரத்தில், அம்மா முறத்தில் அரிசி புடைக்கிறாள். ச்சக், ச்சக், ச்சக். அப்புறம் என் குரல்: “அம்மா, நிறுத்தும்மா, பதியப் போறேன்.” முறம் நின்றுவிடுகிறது.

அந்த முறத்தின் சத்தத்தை வெட்டி எடுத்து, ஷேக்கர் வரவேண்டிய இடத்தில் வைத்திருக்கிறாள். கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தவில்லை. அம்மா புடைத்த வேகத்துக்கு உருமி தன்னை அனுசரித்துக்கொண்டு போகிறது.