வெள்ளிக்கிழமை பஞ்சரத்தினம்

2015 ஜூலையிலிருந்து பெரும்பாலான நாடுகளில் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதைவிட ஒழுங்காக நடக்கிற காரியம் இது.

திருவையாற்று ரசிகர்களுக்கும் வாராவாரம் பட்டியல் செல்பேசிக்கே வந்துவிடுகிறது. இந்த வாரமும் தியாகையரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள்தான். நாட்டையில் டிரம்ஸ், கௌளையில் கிடார். ஆரபியில் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். ஸ்வரமா சளியா தெரியவில்லை. வராளியைக் குரு நேரே சொல்லிக்கொடுத்தால் சிஷ்யனோடு மனஸ்தாபம் வரும் என்று சங்கீதக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இந்த வராளிக்கு குருவே தேவையில்லை, கேட்டவனுக்கே மனஸ்தாபம் வந்துவிடுகிறது. ஸ்ரீராகத்துக்குப் பின்னால் தூங்க வசதியாக மழைச்சத்தம். அட்டைப்படத்தில் காவிரி கரைபுரள்கிறது. அதையாவது பாராட்ட வேண்டும், நேரில் பார்த்து நாளாயிற்று.

1847-இல் மறைந்த தியாகையருக்கு ராயல்டி தர வேண்டாம் என்பது தயாரிப்பாளருக்குக் கூடுதல் அனுகூலம். அவர் சமாதிக்குக் கோயில் எழுப்பக் கைப்பணத்தைக் கொட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் போய்விட்டது.

தியாகையர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்று ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். ஐந்தையும் வரிசையாகப் பாடுவார்கள். பந்தலைச் சுற்றி விளம்பரம் இருக்கலாம், பாட்டுக்கு நடுவில் வராது.