பூச்சியத்தில் 30 விழுக்காடு

கேள்வி: ஆஸ்திரேலியாவிலேயே சாமானியர்களால் வீடு வாங்க முடியவில்லையாம். சுனாமி வீடு கிடைத்த காரைக்கால் மண்டபத்தூர் மீனவருக்கு என்ன குறை?

பதில்: குறைந்த வருமானக் குடும்பம் வருவாயில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே கொடுத்தால் அது நெருக்கடி என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. அந்த அளவுகோலை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காரைக்கால் கரையில் வைத்துப் பாருங்கள். அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது; அதில் பங்குக்குப் போகிறவருக்குக் கடல் வருமானம் பூச்சியம். பூச்சியத்தில் 30 விழுக்காடு எவ்வளவு? தடைக்கால நிவாரணம் தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள், வேண்டியதுதான். அது அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடுகிறது. காரைக்காலும் சேர்ந்த புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்ட ஆண்டுகளும் உண்டு. விலை ஏறினால் ரூபாய் கரையும், கிலோ கரையாது. 2024-இல் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தது அதனால்தான் பெரிய ஆறுதல்.

சுனாமி வீடுகள் 2004-இல் இருந்த குடும்பங்களை எண்ணிக் கட்டியவை. அன்றைய கைக்குழந்தை இன்று தனிக்குடித்தனத்துக்கு இடம் தேடுகிறது. உள்ளே தள்ளி மனை மலிவாயிற்றே என்றால், படகும் வலையும் விடியற்கால மீன் ஏலமும் கரையில்தானே இருக்கின்றன? மனையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே கரையிலேயே வீடு கட்ட, வங்கி வீட்டுக்கடன் தவணையைத் தடைக்காலத்தில் நிறுத்தி, மீன்பாடு உள்ள மாதங்களில் கூட்டி வாங்கட்டும். பயிர்க்கடனை அறுவடை பார்த்து வசூலிக்கும் வங்கிக்கு இது புதிய வித்தை அல்ல.