கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும்

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வேலையில் பெரும்பங்கை, சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ இறங்கியவர்களே செய்திருக்க வேண்டும். கட்டுபவர்கள் இதை 51 சதவீத விதி என்பார்கள். எஞ்சினியரா, மெக்கானிக்கா, சுத்தியல் பிடித்த பழக்கம் உண்டா என்றெல்லாம் அரசு கேட்பதில்லை. மறுபடி செய்ததையும் கணக்கில் சேர்த்தால் நான் நூறு சதவீதத்தைத் தாண்டி ரொம்ப நாளாகிறது.

பழியில் பாதியை ஊர்மேல் போடலாம். நான் இருப்பது ஒஹாயோவில், டேட்டன் பக்கம். ரைட் சகோதரர்களின் ஊர். சைக்கிள் கடை நடத்தியவர்கள், கடைக்குள்ளேயே காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கையைச் சோதித்தார்கள். ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை என்றதும் கடை மெக்கானிக் சார்லி டெய்லரை விட்டு ஆறே வாரத்தில் ஒன்று செய்துகொண்டார்கள். 1903 டிசம்பர் 17-ல் முதல் தடவை பறந்தது 12 நொடி, 120 அடி. அண்ணனும் தம்பியும் ஹைஸ்கூல் டிப்ளமோகூட வாங்கவில்லை. அவர்களால் முடிந்தது என்னால் முடியாதா என்று யோசித்தேன். ஆயுசு முழுக்க டேட்டாபேஸ் ப்ரோக்ராம் எழுதினவன், ரெண்டு டிகிரி வேறு. அந்தத் தகுதிக்குறைவு அப்போது கண்ணில் படவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது ஆர்வி-9ஏ. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சீட், அலுமினிய உடம்பு, சாதுவான சுபாவம். இந்த ஆர்வி வரிசையை உருவாக்கியவர் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன். 1973-ல் ஆரெகனில் அவர் தொடங்கிய வான்ஸ் ஏர்க்ராஃப்டின் டிசைன்களில் இதுவரை பதினோராயிரத்துக்கும் மேல் விமானங்கள் கட்டப்பட்டுப் பறந்திருக்கின்றன. இத்தனை பேரும் தப்பாகவா இருப்பார்கள்? பறந்தவற்றைத்தான் எண்ணுகிறார்கள், பாதியில் போர்வை போட்டு மூடியவற்றை யாரும் எண்ணுவதில்லை என்பது வால் வந்து இறங்கிய பிறகுதான் தோன்றியது.

ஆமாம், பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், வால்தான் முதலில். அப்புறம் இறக்கை, அப்புறம் உடல், கடைசியில் எஞ்சின் சமாசாரங்கள். இருப்பதிலேயே வால்தான் மலிவு. பெட்டியும் சின்னது. இவ்வளவுதானா என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதுதான் அந்த வாலின் முதல் வேலை. பறக்கும்போது செய்கிற வேலையெல்லாம் பிற்பாடு.

கும்பகோணத்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கவலையாகக் கேட்டாள்: “ஏன்டா, டிக்கெட் விலை அவ்வளவா ஏறிப்போச்சு?”

முதல் பாடம் டிரில் பிட்டில். இந்த வேலையில் அதிகம் புழங்குபவை நம்பர் 30, நம்பர் 40 என்ற ரெண்டு பிட்டுகள். 40 சின்ன ரிவெட்டுக்கு, 30 பெரிய ரிவெட்டுக்கு. அதாவது நம்பர் ஏறினால் ஓட்டை சிறுக்கும். மானுவலில் படித்தேன், அடிக்கோடு போட்டேன், தலையையும் ஆட்டினேன். பிறகு போய், சின்ன ஓட்டை வர வேண்டிய இடத்தில் நம்பர் 30-ஐ மாட்டி, ஒரு வரிசை முழுக்க ஒன்றுகூட விடாமல் போட்டு முடித்தேன். இன்றுவரை நான் போட்டதிலேயே நேர்த்தியான வரிசை அதுதான்.

இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். தண்டு பருமனாக, தலை மட்டும் சின்னதாக ஒரு ரிவெட் விற்கிறது. அகலமாகிப்போன ஓட்டையில் போட்டால் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. அதற்கு முறையான நம்பர் ஒன்று இருந்தாலும் கட்டுபவர்கள் சொல்வது ‘ஊப்ஸ் ரிவெட்’. என் மாதிரி ஆட்களை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது என்பதில் பெரிய ஆறுதல். முதலில் ஒரு கை கொள்ளுமளவு வாங்கினேன். இப்போது எடை போட்டு வாங்குகிறேன்.

ஓட்டை போட்டால் மட்டும் தீரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பக்கமும் விளிம்பில் நிற்கிற பிசிறை வழித்தெடுக்க வேண்டும். விட்டால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஓட்டைகளோ ஆயிரக்கணக்கில். ஆபீஸில் இந்த மாதிரி வேலை வந்தால் ஜூனியர் பையன் தலையில் கட்டிவிடுவேன். இங்கே அந்த ஜூனியரும் நான்தான். சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

ப்ரைமர் அடிக்கலாமா வேண்டாமா என்று கட்டுபவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். ரெண்டு நண்பர்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

ரிவெட் அடிக்க ஆள் ரெண்டு வேண்டும். வெளிப்பக்கம் ஒருவர், காற்றழுத்தத்தில் ஓடும் ரிவெட் கன்னைத் தலையில் வைத்து அடிக்க வேண்டும். உள்பக்கம் இன்னொருவர், பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியைத் தண்டின் நுனியில் முட்டுக் கொடுக்க வேண்டும். நுனி நசுங்கி வட்டமாக உட்காரும். தண்டு விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம், அதுதான் கணக்கு. வைத்துப் பார்க்க கேஜ்கூட உண்டு. மனைவியைக் கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து செய்த எந்த வேலைக்கும் இவ்வளவு துல்லியமான அளவுகோல் இருந்ததில்லை. அதுவரை யார் தப்பு என்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

ரெண்டு பேர் காதிலும் இயர் மஃப். “ரெடியா?” என்பேன். அவள் ஏதோ சொல்வாள். அடிப்பேன். அவள் சொன்னது “இருங்க” என்பது தகடு பள்ளமான பிறகு தெரியவரும். இப்போது தட்டித்தான் பேசிக்கொள்கிறோம். பாரால் ஒரு தட்டுத் தட்டினால் அடிக்கலாம். ரெண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். சில சமயம் சேர்ந்தாற்போல நாலைந்து தட்டு கேட்கும். அர்த்தம் கேட்டேன். தெரியாமல் இருப்பதே நல்லது என்றாள்.

ஒரே அச்சில் வந்த ரெண்டு துண்டுகளில், எந்த முகத்தில் டிம்பிள் (ரிவெட் தலை அமர ஓட்டையைச் சுற்றிப் போடும் குழி) போடுகிறோமோ அதை வைத்துத்தான் சில இடங்களில் இடது வலது பிரியும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உற்சாகமாகப் போட்டேன். ரெண்டும் இடது. உதிரி பாகம் கேட்டுப் போன் செய்தேன். ஒரே ஒரு வலது மட்டும் போதும் என்றேன். ஏன் என்று எதிர்ப்பக்கம் கேட்கவே இல்லை. அதுதான் வலித்தது.

ஆனால் என்னை உருட்டி எடுத்தது பெட்ரோல் டேங்க். இந்த விமானத்தில் இறக்கையின் முன்பகுதியே டேங்க். ஒழுகாமலிருக்க மடிப்புக்கு மடிப்பு, ரிவெட்டுக்கு ரிவெட் சீலன்ட் பூச வேண்டும். ரெண்டு பொருளைக் கலந்தால் கந்தக நாற்றத்தோடு திரண்டு வரும் ஒரு கரும்பசை அது. பலாப்பழம் அறுத்த கையில் பால் ஒட்டுமே, அப்படி ஒட்டும். எண்ணெய்க்கு மசியாது என்பதுதான் வித்தியாசம். கிளவுஸில் ஒட்டியது, மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, கதவுக் குமிழில் ஒட்டியது, ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் எப்படி ஒட்டியது என்பதற்கு என்னிடம் இன்னும் விளக்கம் இல்லை. டேங்கிலும் கொஞ்சம் ஒட்டியது.

பூசிக் காயவைத்து மூடியாயிற்று. ஒழுகுகிறதா என்று பார்க்கக் கட்டுபவர்களிடம் ஒரு விஞ்ஞானக் கருவி இருக்கிறது. பிறந்தநாள் பலூன். டேங்கின் மற்ற வாய்களையெல்லாம் அடைத்துவிட்டு, காற்றுக் குழாயில் பலூனை மாட்டி, மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். பலூன் வாடாமல் நின்றால் டேங்க் பாஸ். சாயங்காலம் மாட்டினேன். சிவப்பு பலூன், கம்பீரமாக நின்றது. ராத்திரி படுக்கப் போகுமுன் எட்டிப் பார்த்தால் தொங்கிப் போயிருந்தது.

தூக்கம் போச்சு. சோப்புத் தண்ணீர் கரைத்து, ப்ரஷ்ஷால் விளிம்பெல்லாம் தடவி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று டார்ச்சோடு தேடினேன். எங்கும் கிளம்பவில்லை. வேறொருவனாக இருந்தால் அதோடு நிம்மதியாகப் படுத்திருப்பான். எனக்கு ஓட்டை ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இன்னொரு பூச்சு பூசினேன். சந்தேகம் வராத இடமே இல்லை.

காலையில் வெயில் ஏற ஏற பலூன் தானாக எழுந்து நின்றது. மனைவி காபியோடு வந்தாள். பலூனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ராத்திரி கராஜ் ஹீட்டரை அணைச்சுட்டுத்தானே வந்தேன், கவனிக்கலையா?” குளிர்ந்தால் காற்று சுருங்கும், சூடானால் விரியும். பள்ளிக்கூடத்தில் இதை நான்தான் எழுந்து நின்று சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

ஈஏஏ என்று விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. 1953-ல் விஸ்கான்சினில் பால் போபரெஸ்னி தொடங்கியது. ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷில் அவர்கள் நடத்துகிற திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் விமானங்கள் வந்து புல்தரையில் வரிசை கட்டி நிற்கும். அந்தச் சங்கத்தில் டெக்னிக்கல் கவுன்சிலர் என்று அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து நம் வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தவர் பழைய மெக்கானிக். இறக்கைக்குள் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “உள்பக்கம் ஒவ்வொண்ணும் முத்து” என்றார். அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். உள்பக்கம் பார் பிடித்தது மனைவி. அப்புறம் வெளிப்பக்கத்தை விரலால் தடவினார். கன் வழுக்கின இடமெல்லாம் பிறை பிறையாகத் தழும்பு. “பெயின்ட் அடிச்சா அவ்வளவா தெரியாது.” கிளம்பும்போது, தன் கராஜிலும் ஒரு இறக்கை பாதியில் நிற்கிறது, சனிக்கிழமை ஒழியுமா என்று அவளைக் கேட்டார்.

கட்டுகிற காலத்தில் பறப்பதை விட்டுவிடாதே என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். கட்டி முடிக்கும்போது விமானம் புத்தம் புதுசாக இருக்கும், ஓட்டுபவன் துருப்பிடித்திருப்பான். புதுசும் துருவும் சேர்ந்து முதல் தடவை மேலே போவது ஆபத்து. நானும் தலையாட்டினேன். பிறகு வாடகை செஸ்னா விமானத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் இன்னொரு டிரில் வாங்கினேன். நம்பர் 30 பிட்டோடு.

எல்லாம் முடிந்தால் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். கட்டியவன் விண்ணப்பித்தால் ரிப்பேர்மேன் சர்டிஃபிகேட்டும் கிடைக்கும். வருஷாந்திரச் சோதனையை நானே செய்து கையெழுத்துப் போடலாம், நான் கட்டின இந்த ஒரு விமானத்துக்கு மட்டும். என் ஞானம் பக்கத்து ஹேங்கருக்குப் பரவாமல் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது.

ஏறுகிற இடத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று ரெண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். உள்ளே பயணி கண்ணில் படும்படி, இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியதல்ல என்று ஒரு எச்சரிக்கைப் பலகை. இதை மனைவியிடம் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்ல இருந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே படித்துவிட்டாள்.

இன்னொன்றையும் படித்திருக்கிறாள். ஆரம்பச் சோதனைக் காலத்தில் பயணி யாரும் ஏறக்கூடாது. எஞ்சினும் ப்ரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம். இல்லையென்றால் 40. எஞ்சின் இன்னும் வாங்கவில்லை. எனக்கு 25 மணி ஜோடிமேல்தான் கண்.

ராத்திரி சாப்பாட்டில் கேட்டாள். “அவ்வளவு நேரமும் நீங்க மட்டும்தான் மேல போவீங்களா?”

“ஆமா. சட்டம்.”

“வீட்ல நான் தனியா இருப்பேனா?”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “25 மணி நேரம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்” என்றேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அந்த 40 மணி நேர எஞ்சினையே வாங்குங்களேன்.”