இடுப்புக்கு ஒரு பாய் போதும்

கே: பட்டாசு ஆலையில் தரையில் உட்கார்ந்து குனிந்தே வேலை. இடுப்பு கழன்று போகிறது. ஜிம்முக்குப் போகாமல் வயிற்றுத் தசையை வலுவாக்க முடியுமா?
– வாசகி, திருத்தங்கல்

ப: முடியும், தாயே. ஒரு பாய் போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி 5 எண்ணுங்கள். அடுத்தது பிளாங்க்: குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைத் தூக்கி, நேர்கோடாக நிறுத்துங்கள். முதலில் 10 விநாடி தாராளம். சரவெடி மாதிரி ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூச்சை அடக்கவும் கூடாது. வயிற்றோடு முதுகுத் தசையும் சேர்ந்து வலுப்பெறும். தொப்பை கரையுமா என்று கேட்காதீர்கள். அதை விருதுநகர் எண்ணெய் பரோட்டாவிடமும் சாத்தூர் சேவிடமும்தான் கேட்க வேண்டும். வேலைக்கு நடுவே அவ்வப்போது எழுந்து நடங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.