தீவுப் பிரயாண சாஸ்திரம்

மனை கோலுவதற்கும், பல்லி விழுந்தால் பலன் பார்ப்பதற்கும், குதிரைக்குச் சுழி பார்ப்பதற்கும் தனித்தனியே சாஸ்திரம் வகுத்து வைத்த நம் முன்னோர், ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கடல் சூழ்ந்த தீவொன்றுக்குப் போய்வரும் முறைக்கு மாத்திரம் ஒரு சாஸ்திரமும் எழுதிவைக்காமற் போனது பெருங்குறையே ஆகும். அக்குறையை நீக்கும் உத்தேசத்துடன், கோம்பையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறத்தாழ மூன்று வருஷ காலம் இடைவிடாது நடைபெற்ற ஆராய்ச்சியின் முடிவுகளை அறிஞர்முன் வைக்கிறேன்.

முதற்கண் பதங்களுக்கு இலக்கணம் கூறுவோம். தீவாவது, நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம். கோம்பையாவது, மலையின் மடியில் ஒதுங்கிக் கிடக்கும் பள்ளம். குடும்பத் தலைவனாவது, நாற்புறமும் அபிப்பிராயம் சூழ்ந்த மனிதன். இம்மூன்றில் நீரைப் படகாலும் மலையைப் பாதையாலும் கடந்துவிடலாம். மூன்றாவதைக் கடக்க உபாயம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இனி ஸ்தல நிர்ணயம். கல்லூரியில் படிக்கும் என் மகள் மாலத்தீவு என்றாள். ஒன்பது பேரில் இருவருக்கே பாஸ்போர்ட் இருந்தபடியால் அப்பிரேரணை அன்றிரவே காலமாயிற்று. தம்பி அந்தமான் என்றான். கப்பலில் போனால் சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் என்பதைக் கேட்டு வயிறு புரண்டவர்கள் சிலர். 2024இல் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டதால் எந்தப் பெயருக்குச் சீட்டுக் கேட்பது என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதித்தவர்கள் சிலர். பிறகு மதினி, 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய ஜனங்களைப்பற்றித் தன் தகப்பனார் சொல்லக் கேட்டதை எடுத்துரைத்து, இலங்கையைப் பிரஸ்தாபித்தாள். அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உலக்கையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“ஏப்பா, தீவுதானே வேணும்? ராமேஸ்வரமுந் தீவுதானே?”

இதிலிருந்து நாம் பெறும் முதல் விதி: யோசனை நீள நீளத் தீவு நெருங்கும். ஆரம்பத்தில் இந்துமகா சமுத்திரத்தின் நடுவே இருந்த தீவு, ஆறு மாதத்தில் பாக் நீரிணைக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே பிடித்து நிறுத்தாவிட்டால் இன்னும் நெருங்கிச் சுருளி அருவியில் ஒரு பகற் குளியலாக முடிந்துவிடும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே திருஷ்டாந்தங்கள் உண்டு.

அடுத்தது கால நிர்ணயம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவை விட்டு எவனும் ஊர் தாண்டமாட்டான். ஜூன் 1ஆம் தேதி என்றால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறப்பது வழக்கம். உத்தமபாளையத்தில் வயல் வைத்திருக்கும் சித்தப்பா அன்றுமுதல் வரப்பைவிட்டு நகரார். மார்கழிக் கடலை நினைத்தாலோ, 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்து ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் தனுஷ்கோடியையும் சேர்த்து விழுங்கியது எங்கள் பெரியவர்களுக்கு இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல. மிஞ்சிய மாதங்களில் போகலாம் என்றால் திராட்சை தடுக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு உலகோர் கூறும் பெருமை, வருஷம் முழுவதும் அது காய்ப்பது. அதைப் பயிரிடுகிறவன் கூறும் சிறுமையும் அதுவே. ஓயாமற் காய்க்கும் கொடியை உடையவனுக்கு ஓய்வெடுக்கும் மாதம் ஏது? ஆகவே இரண்டாம் விதி: பஞ்சாங்கத்தில் தீவுக்கென்று நாள் கிடையாது, திருட வேண்டும்.

மார்க்கத்தைப்பற்றிக் கூறப்புகின் நெஞ்சு கனக்கிறது. 1988ஆம் ஆண்டிலேயே பாம்பனில் சாலைப் பாலம் திறந்துவிட்டார்கள். ஆனால் பெரியப்பாவின் சித்தாந்தம் வேறு. “கடல்மேல ரயில்ல போனாத்தான்டா தீவு. பஸ்ஸுல போனா அது ராமநாதபுரம் ஜில்லா” என்று அவர் தீர்ப்புக் கூறிவிட்டார். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலோ 2010ஆம் ஆண்டின் முடிவில் நின்றுபோய், அகலப்பாதையாகித் தேனிக்கு வந்து சேர்ந்தது 2022 மே மாதக் கடைசியில். பாம்பனில் 1914 முதல் கப்பலுக்கு வழிவிட்டு ரயிலைச் சுமந்த பழைய பாலமோ, 2022 டிசம்பர் 23ஆம் தேதியோடு போக்குவரத்தை நிறுத்தி, நூற்றெட்டு வயதில் அஷ்டோத்தரம் பூர்த்தியான திருப்தியுடன் ஓய்வு கொண்டுவிட்டது. அதாவது, தேனியில் ரயிலேறி மதுரையில் மாறி, பழைய பாலத்தின்மேல் கடல் தாண்டுவதற்குக் காலதேவன் எங்களுக்கு அளித்த அவகாசம் ஏறத்தாழ ஏழே மாதம். அந்த ஏழு மாதத்தில் பெரும்பகுதியை நாங்கள் மாலத்தீவா அந்தமானா என்று பேசிக் கழித்தோம். அப்புறம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும் புதிய பாலம் திறக்கப்படும்வரை, பெரியப்பாவும் கடலும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

இத்தாமதத்தைக் குறைகூறுவோர் எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் ராமக்கல்மேட்டை அண்ணாந்து பார்ப்பாராக. சீதையைத் தேடிவந்த ராமபிரான் அக்கல்லின்மேல் நின்று திசை பார்த்தான் என்பது இப்பக்கத்து ஐதிகம். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போலத் தோன்றும் அம்மேட்டுக்கு வண்டியில் போவதென்றால் கம்பம்மெட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆகவே இங்கே நின்று நெடுநேரம் யோசித்து, சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் ராமேஸ்வரத்தில் போய் முடிவதென்பது எங்கள் குடும்பத்தார் கண்டுபிடித்த மார்க்கமன்று. அதற்கு அவதார புருஷனே முன்னோடி.

பண்ட நிர்ணயத்தில் ஈரத்துணிக் கணிதம் ஒன்றே அறியத்தக்கது. அக்கினி தீர்த்தமாகிய கடலில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டபின், ஈரத்தோடு சந்நிதிக்குப் போகலாகாது. ஒன்பது பேரின் உலர்ந்த துணி போகும்போது ஒரு பை. நனைந்த துணி வரும்போது மூன்று பை. கணக்குக்குள் அடங்காத அந்த இரண்டு பையையும் சுமப்பவனே குடும்பத் தலைவன்.

இறுதியாகக் காவல். “எல்லாரும் போயிட்டா நாய்க்கு யாரு சோறு வைக்கிறது?” என்று அப்பத்தா கேட்டபோதுதான், மூன்று வருஷ ஆராய்ச்சியில் இக்கேள்வி விடுபட்டது புலப்பட்டது. எங்கள் வீட்டு நாய் ஊர்ப்பெயரையே குலப்பெயராகக் கொண்ட கோம்பை. செம்பழுப்பு மேனி, கரிய மூஞ்சி. வேற்றாள் வைத்த சோற்றை ஆளோடு சேர்த்துக் கடிக்கும் வைராக்கியம் உடையது. எதிர்வீட்டுக்காரர் தூரத்திலிருந்து தட்டைத் தள்ளிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அயோத்தியைப் பரதனிடம் விட்டுச்சென்ற வரலாறு எல்லோருடைய நினைவுக்கும் வரவே, நாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரியப்பாவின் தோல் செருப்பு ஒரு ஜோடியை நிலைப்படியில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

பிரயாணத்தைப்பற்றி விரிக்க வேண்டுவதில்லை. வண்டி பாம்பன் பாலத்தில் ஏறிய அதே க்ஷணத்தில் அப்பத்தா கட்டுச்சோற்றைப் பிரித்தாள். வாழையிலைக் கிழிசலில் வைத்த புளியோதரை கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளை அடைந்து, ஊறுகாய் எந்தப் பையில் என்பது தெளிவாகி, நாங்கள் தலைநிமிர்ந்தபோது இருபுறமும் தென்னை மரங்கள் தெரிந்தன. கடல் முடிந்துபோயிருந்தது. பெரியப்பா மட்டும் ஒரு கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அந்திக்கு வீடு திரும்பினோம். நாய் நிலைப்படியில் தலை சாய்த்துப் படுத்திருந்தது. தலைக்குக் கீழே ஒரு செருப்பு பழுதின்றி இருந்தது. மற்றதன் வார் மாத்திரம் முற்றத்தில் கிடந்தது. ஒரு பாதுகையைப் பூஜித்து, மற்றொன்றை நைவேத்தியமாக அது ஏற்றுக்கொண்டது போலும். ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த பெரியப்பா, “அடுத்த தடவ ஜன்னல் சீட்டு எனக்கு” என்று மாத்திரம் சொன்னார்.

சாஸ்திரத்தின் இரண்டாம் பாகத்துக்கான ஆராய்ச்சி அன்றிரவே திண்ணையில் தொடங்கிற்று. மகள் மறுபடியும் மாலத்தீவு என்றாள்.