வாழ்க எங்கள் நரம்பியல் வார்டு

எங்கள் ஆஸ்பத்திரி நரம்பியல் வார்டின் பெருமையைச் சொல்ல ஒரு வாய் போதாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய். சொந்த உடம்பே பகையான பிறகு நாம் மட்டும் எதற்கு உறவு கொண்டாட வேண்டும் என்று விலகி நிற்கும் வார்டின் நியாய உணர்ச்சியை என்னவென்பது!

உடலை வருத்தினால் இந்நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-லேயே ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் எழுதிவைத்தார். உடற்சூடு ஏறுவதே காரணம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அச்சில் இருப்பதை அப்படியே நம்பிவிடலாமா? அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறி ஓடாத மூலைக் கட்டிலாகப் பார்த்துக் கொடுத்துச் சரிபார்க்கிறார்களே, அதுவல்லவோ ஆராய்ச்சி!

சிறுநீர் முட்டினால் அடக்க முடியாது என்பதும் இந்நோயின் குணம். ஆகவே கழிப்பறை வராந்தாவின் கடைக்கோடியில். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, தரை என்றும் ஈரம். இப்படிக் காசில்லாமல் நடைப்பயிற்சி வேறெங்கே கிடைக்கும்?

நோய் திடீரென முற்றினால் மெத்தில்பிரெட்னிசொலோன் நாளுக்கு ஒரு கிராம் வீதம், மூன்றிலிருந்து ஐந்து நாள் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். வாயெல்லாம் இரும்பாய்க் கசக்கும், தூக்கம் ஓடிப்போகும். விடியற்காலையில் கண் சொருகும் நேரம் பார்த்து டியூப்லைட்டைப் போட்டு, பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாம்மா?” என்று விசாரிக்கும் பரிவு பெற்ற தாய்க்கும் வராது.

சக்கர நாற்காலி கேட்டால் அட்டெண்டர் அண்ணன், “நேத்து நடந்துதானே போனீங்க? பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!” என்பார். நேற்று நடந்த கால் இன்று மறுப்பதுதான் இந்த நோய். எம்.ஆர்.ஐ.க்கு அகப்படாத அசதியைக்கூட முகத்தைப் பார்த்தே இல்லை என்று சொல்லும் ஞானதிருஷ்டி யாருக்கு வாய்க்கும்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 குறைபாடுகளில் இந்நோயையும் சேர்த்தது. சான்றிதழ் தரும் அறையை எங்கள் ஆட்கள் மாடியில் வைத்தார்கள். லிஃப்ட் ரிப்பேர். படியேறி வந்தவருக்கு ஊனம் இல்லை; ஏற முடியாதவருக்குச் சான்றிதழ் இல்லை. இவ்வளவு சுருக்கமான பரிசோதனையை எந்த மருத்துவக் கல்லூரி கற்றுத்தரும்?

கட்டிலைக் கழிப்பறைப் பக்கம் நகர்த்தலாம். ஓடுகிற விசிறியின் கீழ் இடம் மாற்றிக் கொடுக்கலாம். “இன்னைக்குக் கால் எப்படி இருக்கு?” என்று கேட்டு, சொன்ன பதிலை நம்பலாம். இதற்கெல்லாம் நயா பைசா செலவில்லை. செலவில்லாத அற்பக் காரியங்களில் இறங்கித் தன் தரத்தைக் குறைத்துக்கொள்ளாத எங்கள் வார்டு நீடூழி வாழ்க!